பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி மாற்றும்போது எழும் சிக்கல்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் எனக் கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து எங்கள் மேசைக்குப் பழுது பார்க்க வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை எட்டு, பத்து ஆண்டுகளைத் தாண்டியவை. மீன் ஏலக் கணக்கு எழுதுபவர்களும், கருவாட்டு வியாபாரிகளும், ஆசிரியர்களும், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினியை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவர்களும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போட்ட பிறகோ, போட முயன்று பாதியில் நின்ற பிறகோ கேட்ட கேள்விகள் இவை. "எஸ்எஸ்டி செத்துப்போய்விட்டது" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கணினிகளில் எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருப்பதும், அதனோடு சேரும் கேபிளோ, பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் மென்பொருள்) அமைப்போ, குளோன் செய்த (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த) முறையோ பிழைபட்டிருப்பதும்தான் நாங்கள் வழக்கமாகக் காண்பது. ஆகவே, விற்றவரிடம் மாற்றித் தரச் சொல்லிச் சண்டைக்குப் போவதற்கு முன் கீழுள்ளவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி போடுவதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ச் சேர்வதற்கே பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. எஸ்எஸ்டியில் அந்த வேலை ஏறத்தாழ 0.1 மில்லிநொடியில் முடிந்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், டீ குடித்துவிட்டு வரும்வரை சுழன்றுகொண்டிருந்த கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். ஆனால் செயலியின் வேகம் கூடப்போவதில்லை. வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ரேம் 4 ஜிபியாக இருந்தால் எஸ்எஸ்டியோடு அதையும் 8 ஆக்கிவிடுங்கள். அப்போது பழைய ரேம் டிடிஆர்3 வகையா, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையா என்று அதன் மேல் ஒட்டியுள்ள தாளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். எல் வகையை மட்டும் ஏற்கும் தாய்ப்பலகையில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், பழி எஸ்எஸ்டி மேல் விழும்.

எந்த வகை எஸ்எஸ்டி என் கணினிக்குப் பொருந்தும்?

உள்ளே 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணையும் அதே கனெக்டர் வகை) எஸ்எஸ்டி பொருந்தும். இதில் குழப்பம் தருவது தடிமன் ஒன்றுதான். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். மீதமுள்ள இரண்டரை மில்லிமீட்டரை நிரப்பாமல் விட்டால் எஸ்எஸ்டி தொட்டிலில் ஆடும். பேருந்தில் இராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் கனெக்டர் சற்று விலகிவிடும். எஸ்எஸ்டியோடு பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். அது வராவிட்டால் தடித்த அட்டையை அளவாக வெட்டி வைத்தாலும் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் பக்கங்களில் மாட்டியிருக்கும் இரும்புத் தட்டையும் ரப்பரையும் எஸ்எஸ்டிக்கு மாற்றத் தவறாதீர்கள்.

2014க்குப் பிறகு வந்த சில மடிக்கணினிகளில் எம்.2 என்ற நீளமான சிறு செருகுவாயும் இருக்கும். அதில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரு வகை உண்டு. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியின் விளிம்பில் ஒரு வெட்டுதான் இருக்கும். சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும். இரண்டு வெட்டு உள்ளது செருகுவாயில் இறங்கிவிடுகிறது என்பதால் அது வேலை செய்யும் என்று எண்ணிவிட முடியாது. கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு அந்தச் செருகுவாய் எதை ஏற்கும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்தபின் வாங்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் 2.5 அங்குலத்துக்கே போங்கள். அதில் ஏமாற்றம் குறைவு.

என் கணினி பழைய சாட்டா 2 வகை என்கிறார்கள். புதிய எஸ்எஸ்டி அதில் ஓடுமா?

ஓடும். சாட்டா 3 எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 550 எம்பி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 270, 280க்கு மேல் போகாது. ஆனால் தேடும் நேரம் குறைவது அப்படியே கிடைப்பதால், அன்றாட வேலையில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை. இதற்காக வேறு கணினி வாங்க வேண்டாம்.

கழற்றத் தொடங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாதிரியானால் மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும்.

அடுத்து, திருகுகள். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நகரங்களில் இது ஒரு பொருட்டே அல்ல. கடற்கரையில் பாதி நேரம் இதற்கே போய்விடுகிறது. அடிமூடியில் கை வைக்கும் ஓரமாக இருக்கும் திருகுகள்தாம் முதலில் துருப்பிடிக்கும். தலை தேய்ந்த திருகை அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் குறுக்குப் பள்ளம் வழுக்கை விழுந்துவிடும். பொருத்தமான முனையை வைத்து, மேலிருந்து நன்றாக அழுத்தி, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பித் துருவின் பிடியை உடைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். துரு நீக்கும் எண்ணெயைக் கணினியின் மேல் அடிக்கக் கூடாது. அது பலகைக்குள் வழிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டியை மாட்டினேன், பயாஸிலேயே தெரியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் தெரிகிறது. அப்படியானால் எஸ்எஸ்டிதானே பழுது?

இங்கு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தவறான முடிவுக்கு அதிகம் இழுத்துச் செல்வதும் இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க் ஓடுகிறது என்பது கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. பல பழைய ஹார்ட் டிஸ்க்குகள் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தில் பேசுபவை. எஸ்எஸ்டியோ 6 ஜிகாபிட்டில் பேசத் தொடங்கும். பாதி அரித்துப்போன ஒரு தொடுமுனை மெதுவான பேச்சைத் தாங்கிக்கொள்ளும், வேகமான பேச்சில் தடுமாறிவிடும்.

சாட்டா கனெக்டரில் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என 22 முனைகள் உள்ளன. அவற்றின் மேல் பூசியிருக்கும் பொன் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கினால் அடியிலுள்ள செம்பு அரித்து, பச்சைப் பொடியாக மேலே பூத்து வரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மட்டுமா இருக்கிறது? சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மடிக்கணினிக்குள் காற்றாடி இழுத்துவந்து படியவைத்த உப்புத்தூசி நாள் முழுதும் நசநசத்தபடியே இருப்பதற்கு இதுவே காரணம்.

ஐப்பசி மழை நாளொன்றில் பாம்பனிலிருந்து ஓர் ஏலக் கணக்குக் கணினி வந்தது. புதிய எஸ்எஸ்டியை இருமுறை மாற்றியும் தெரியவில்லை என்றார்கள். அடிமூடியைத் திறந்தவுடன் மீன்பெட்டி மணம் எழுந்தது. ஹார்ட் டிஸ்க்கையும் பலகையையும் இணைக்கும் பட்டைக் கேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பொன்னிறமாகவே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்த பிறகுதான், தகவல் பக்கத்தில் மூன்றாவது முனையின் நுனியில் கடுகளவுக்கும் குறைவாக ஒரு கறுப்புப் புள்ளியும், அதன் ஓரத்தில் பாசி படர்ந்ததுபோல் ஒரு பச்சைக் கோடும் தெரிந்தன. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் நான்கைந்து முறை நீளவாக்கில் துடைத்ததும் பச்சை போயிற்று, கறுப்பு நின்றது. எஸ்எஸ்டி தெரிந்தது, ஆனால் பிழைகளோடு. கேபிளை மாற்றிய பிறகு பிழையும் நின்றது. மாற்றப்பட்ட இரண்டு எஸ்எஸ்டிகளிலும் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே இந்த வரிசையில் செல்லுங்கள். எஸ்எஸ்டியை யூஎஸ்பி–சாட்டா கேபிளில் வைத்து வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கே தெரிந்தால் எஸ்எஸ்டி நலம் என்று கொள்ளலாம். பிறகு மடிக்கணினியின் கனெக்டரை 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் உலர்ந்தபின் மாட்டிப் பாருங்கள். கைகளுக்குப் போடும் சானிடைசரால் துடைக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன, இருக்கிற நோய்க்கு அவை இன்னும் ஊட்டம் கொடுக்கும். துடைத்தும் தெரியாவிட்டால் உங்கள் மாதிரிக்கான கேபிளை மாற்றுங்கள். கேபிள் இல்லாமல் பலகையிலேயே நேராகப் பொருந்தும் கனெக்டராக இருந்தால் அதன் அடிப் பற்றவைப்பு விட்டிருக்கலாம். அதை வீட்டில் செய்ய வேண்டாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், அந்த மாதிரிக்குப் புதிய பயாஸ் வெளியாகியிருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வழி.

கேபிள்தான் பழுது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் உறுதிப்படுத்த முடியுமா?

எஸ்எஸ்டி ஓரளவாவது தெரிகிறது என்றால் முடியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஸ்மார்ட் கணக்குகளை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் எண்களைக் காட்டும். அதில் சி7 என்ற எண்ணிட்ட வரி, அதாவது 199ஆம் கணக்கு, சிஆர்சி பிழைகளை எண்ணுகிறது. எஸ்எஸ்டிக்கும் பலகைக்கும் இடையே வழியில் சிதைந்த தகவல்களின் கணக்கு அது. சிப்பு பழுதானால் இந்த எண் ஏறாது, வழி பழுதானால்தான் ஏறும். ஏறிய எண் மீண்டும் இறங்காது என்பதால், பெரிய எண்ணைக் கண்டு பயப்படாமல் அதைக் குறித்துக்கொண்டு, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தபின் மறுபடி பாருங்கள். அதே எண் நின்றால் பழைய காயம். கூடினால் இன்னும் ஆறாத காயம். அந்த மென்பொருளின் மேற்பகுதியில் "சாட்டா 300 | சாட்டா 600" என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது எஸ்எஸ்டியின் தகுதி. சாட்டா 3 உள்ள பலகையில் முதல் எண் 600 காட்டாமல் 300 அல்லது 150 காட்டினால் அதற்கும் முதலில் கேபிளையே சந்தேகப்படுங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் மட்டும் இல்லை.

புதிய எஸ்எஸ்டி வெறும் மனை போன்றது. வேலி போட்டுப் பட்டா எழுதும்வரை விண்டோஸ் அதற்கு டி, இ போன்ற டிரைவ் எழுத்துத் தராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து 'இனிஷியலைஸ்' செய்து, பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதி) உருவாக்கி, ஃபார்மட் செய்தால் வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே குளோன் செய்த எஸ்எஸ்டி 'ஆஃப்லைன்' என்று காட்டினால் இனிஷியலைஸ் பக்கமே போகக் கூடாது. அது ஏன் என்பது இரண்டு கேள்விகளுக்குப் பின் வருகிறது.

குளோன் செய்யும்போது பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விழுக்காட்டில் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்று பொருள். ஸ்மார்ட் கணக்கில் 5, 197 (சி5) ஆகிய வரிகளில் பூச்சியத்துக்கு மேல் எண் இருந்தால் அது உறுதி. அத்தகைய டிஸ்க்கைத் திரும்பத் திரும்பக் குளோன் செய்ய முயல்வது அதன் ஆயுளைத் தின்னும். முதலில் படங்கள், கணக்குகள், சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். விண்டோஸைப் புதிதாகவே நிறுவிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், பத்தாண்டுக் குப்பையைச் சுமந்த விண்டோஸைக் குளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன். கணக்கு மென்பொருளின் உரிமத்தை மறுபடி பெற முடியாதவர்களுக்கு மட்டும் குளோன்.

வெவ்வேறு இடங்களில் நின்றால் யூஎஸ்பி கேபிளையோ மின்சாரத்தையோ பாருங்கள். பழைய யூஎஸ்பி 2 துளையில் நொடிக்கு ஏறத்தாழ 30 எம்பிதான் போகும். 500 ஜிபி நிறைந்த டிஸ்க்குக்கு நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் மின்சாரம் போகாமல் இருக்கும் என்று மழைக்காலத்தில் நம்பாதீர்கள். பேட்டரி செத்த மடிக்கணினியானால் யூபிஎஸ் உள்ள இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போக வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் தகவல் 180 ஜிபிக்குள் இருக்கும்படி வெளியே மாற்றி, பார்ட்டிஷனை முதலில் சுருக்க வேண்டும். குளோன்சில்லா போன்ற கருவிகள் இலக்கு டிஸ்க் சிறியதாக இருந்தால் இயல்பாகவே மறுத்துவிடும். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டு இருந்தால் குளோனுக்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

குளோன் வெற்றி என்று வந்தது. ஆனால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது.

மூன்று காரணங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

ஒன்று, சி டிரைவை மட்டும் குளோன் செய்திருப்பீர்கள். விண்டோஸ் எழுந்திருக்க உதவும் கோப்புகள் அதற்கு முன்னால், எழுத்து இல்லாமல் ஒளிந்திருக்கும் நூறு எம்பி அளவுள்ள ஒரு சிறு பார்ட்டிஷனில் இருக்கும். முழு டிஸ்க்கையும் குளோன் செய்ய வேண்டும்.

இரண்டு, விண்டோஸை எழுப்ப பயாஸில் யுஇஎஃப்ஐ (புதியது), லெகசி (பழையது) என இரு வழிகள் உள்ளன. பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியல் எம்பிஆர் முறையில் இருந்தால் லெகசியிலும், ஜிபிடி முறையில் இருந்தால் யுஇஎஃப்ஐயிலும் விண்டோஸ் எழும். வழி மாறினால் கதவு திறக்காது. பயாஸைத் திறக்கும் விசை கணினிக்குக் கணினி மாறும். எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றை முயலுங்கள்.

மூன்றாவது சற்று நுட்பமானது. எம்பிஆர் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. குளோன் அந்த எண்ணையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறது. இரண்டு டிஸ்க்குகளும் மாட்டியிருக்கும் நிலையில் விண்டோஸைத் தொடங்கினால், ஒரே எண்ணில் இருவர் இருப்பதைக் கண்டு ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். நீங்கள் அதை ஆன்லைன் ஆக்கினால் அதற்குப் புது எண் எழுதிவிடும். அந்த எஸ்எஸ்டிக்குள் இருக்கும் பூட் குறிப்போ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். எனவே குளோன் முடிந்தவுடன் கணினியை அணைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி முதல் முறை தொடங்குங்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடியது. இன்று நீலத்திரை வருகிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா?

நீலத்திரையில் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று இருக்கிறதா, கூடவே கடிகாரம் தப்பான ஆண்டைக் காட்டுகிறதா? இரண்டும் ஆம் என்றால் எஸ்எஸ்டியை விட்டுவிட்டுப் பலகையிலுள்ள பயாஸ் பேட்டரியைப் பாருங்கள். சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி அது. மடிக்கணினியில் இரு கம்பிகளோடு சிறு உறைக்குள் இருக்கும். அது தீர்ந்த நிலையில் முதன்மைப் பேட்டரியும் இறங்கிவிட்டால் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து பிறந்த நாள் நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் ஏஎச்சிஐ என்று வைத்திருந்த, டிஸ்க்கோடு பலகை பேசும் சாட்டா முறை ஐடிஇ ஆகவோ ரெய்டு ஆகவோ மாறிவிடும். விண்டோஸ் அதற்குரிய டிரைவரோடு எழவில்லை, ஆகவே நீலத்திரை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகுக் கணக்குக் கணினிகள் பலவும் அலமாரிக்குள் போய்விடும். தடை முடிந்து படகு இறங்கும் வாரத்தில் இந்த ஒரே பழுதோடு கணினிகள் வரிசையாக வரும். பயாஸில் சாட்டா முறையை மீண்டும் ஏஎச்சிஐ ஆக்கி, தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது. தேதியைத் திருத்தாவிட்டால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் பாதுகாப்புச் சான்று பிழை என்று திறக்க மறுக்கும். அதையும் சிலர் எஸ்எஸ்டி கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

480 ஜிபி வாங்கினேன்; 447தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. விற்பவர் ஆயிரத்தின் மடங்காகவும், விண்டோஸ் 1,024இன் மடங்காகவும் எண்ணுகின்றன. 240 வாங்கினால் 223, ஒரு டிபி வாங்கினால் 931 காட்டும்.

ஆனால் 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

அதுதான் ஏமாற்று. பெரிய உறைக்குள் சிறிய நினைவட்டையை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். கோப்புகள் ஏறுவதுபோல் காட்டும். உண்மைக் கொள்ளளவு நிறைந்தபின் ஏறியவை எல்லாம் காணாமல் போகும். வாங்கிய அன்றே, தகவல் எதுவும் ஏற்றும் முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழுதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இடையிடையே பத்து, இருபது நொடி அப்படியே உறைந்து நின்று பிறகு நகர்கிறது.

முதலில் மேலே சொன்ன சிஆர்சி கணக்கைப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை அந்த நேரங்களில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்எஸ்டி பதில் சொல்லாததால் விண்டோஸ் இணைப்பை அறுத்து மறுபடி தொடங்கியது என்பதன் பதிவு அது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பைத் தூங்கவைக்கும் ஏற்பாடு சில எஸ்எஸ்டிகளோடு ஒத்துப்போவதில்லை. தூங்கியவர் எழுந்துவரத் தாமதிப்பார். பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். உறைவது நின்றால் காரணம் அதுவே. எஸ்எஸ்டி தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள் ஓடும் மென்பொருள்) தந்திருந்தால் அதை ஏற்றலாம். ஏற்றும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் இப்படி நேரும். பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். மலிவான எஸ்எஸ்டிகளில் வேகமாக எழுதும் பகுதி சிறிது. பெரிய திருமண வீடியோவை ஏற்றும்போது தொடக்கத்தில் பறந்துவிட்டுப் பிறகு ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாவது அதன் இயல்பு, பழுது அன்று.

டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 7 முதலே டிரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்கு அதுவே சொல்லிவிடும். விண்டோஸ் 10இல் 'ஆப்டிமைஸ்' தானாகவே வாரம் ஒருமுறை ஓடும். டிரிம் ஓடிய பிறகு அழித்த கோப்பை மீட்பது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மின்வெட்டால் எஸ்எஸ்டி கெட்டுப்போகுமா?

பேட்டரி நன்றாக உள்ள மடிக்கணினியில் கவலை இல்லை. ஆனால் எங்களிடம் வரும் பழைய கணினிகளில் பல, பேட்டரியையே கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓடுபவை. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை எஸ்எஸ்டி தனக்குள் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தும் கணத்தில் மின்சாரம் போனால், வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் அந்தக் கணத்தைத் தாங்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. மின்வெட்டுக்குப் பிறகு எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். எஸ்எஸ்டிக்கு மின்சாரம் மட்டும் கிடைக்கும்படி பயாஸ் திரையிலேயே இருபது நிமிடம் விட்டு, அரை நிமிடம் அணைத்து, மறுபடி ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். உள்ளே பட்டியலைத் தானே சீராக்கிக்கொண்டு எழுந்து வந்தவை உண்டு. எழுந்து வந்தவுடன் முதல் வேலை பேக்கப்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடலாமா?

ஒரு மாதமாவது தொடாதீர்கள். அதன் பிறகு யூஎஸ்பி உறையில் போட்டுப் பேக்கப்புக்குப் பயன்படுத்தலாம். சிலர் மாற்றுவழியாக, குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் ஏற்றிப் பீரோவில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எஸ்எஸ்டி மின்னேற்றமாகவே தகவலை வைத்திருக்கிறது. அது மெல்லக் கசியும், வெயிலில் விரைந்து கசியும். எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர வரையறை. புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் இருக்கும் பீரோ 30 டிகிரியில் நிற்காது.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதே. இனி இந்தச் செலவு வீணா?

பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பத்தாண்டுக் கணினி விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் வராது. இணையமும் கடிதமும் கணக்கும் மட்டுமே வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். எஸ்எஸ்டியைப் பின்னால் வேறு கணினிக்கும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

உப்புக்காற்றிலிருந்து காப்பதற்கு ஏதாவது வழி உண்டா?

ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். ஓடாமல் கிடப்பதுதான் அரிக்கும். தடைக்காலமானாலும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கடலைப் பார்த்த சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போதே நெகிழிப் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் முன், உள்ளே தூரிகையால் உலர்வாகத் தூசி தட்டினால் போதும்.

பழுது பார்க்கக் கொண்டுவரும்போது என்னென்ன எடுத்து வர வேண்டும்?

சார்ஜர், பழைய ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டியின் பெட்டியும் ரசீதும். வீட்டிலேயே கழற்றிப் பார்த்திருந்தால் திருகுகளை எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று தாளில் குத்தி எடுத்து வாருங்கள். நீளமான திருகு குட்டைத் துளையில் ஏறினால் மேலே விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு மேடு எழும். தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு கணினியில் அந்த மேடு சரியாக என்டர் விசைக்கு அடியில் இருந்தது, அதையும் எஸ்எஸ்டி கோளாறு என்றே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.